ஹாட் டாக்ல நாய்க்கறி இருக்கா? 5 சென்ட் தள்ளுவண்டி உணவு அமெரிக்காவின் அடையாளமான கதை!

ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரைப் பகுதியில் ஒரு தெருமுனையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நிற்பார்கள். மேடையில் நீளமான மேஜை, அதன் மேல் தட்டு தட்டாக ஹாட் டாக். விசில் அடித்ததும் போட்டியாளர்கள் சாப்பிட ஆரம்பிப்பார்கள். 10 நிமிடம்தான் டைம். 2021-ல் ஜோயி செஸ்ட்நட் என்பவர் இந்த 10 நிமிடத்தில் 76 ஹாட் டாக்குகளை பன்னோடு சேர்த்து விழுங்கி சாதனை படைத்தார். டிவியில் நேரலையாக ஒளிபரப்பாகும் அளவுக்கு இந்தப் போட்டி பிரபலம்.

ஒரு பன், நடுவில் ஒரு சாசேஜ், மேலே கொஞ்சம் கடுகு சாஸ். அவ்வளவுதான் ஹாட் டாக். இதுக்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்? முதலில், இதன் பெயரில் ‘நாய்’ எப்படி வந்தது? இதைச் சாப்பிடுவது உடம்புக்கு நல்லதா? முழு விவரத்தையும் பார்க்கலாம்.

பிறந்த ஊர் எது?

ஹாட் டாக்கின் முக்கியப் பொருளான சாசேஜ் அமெரிக்காவில் பிறந்தது இல்லை, ஐரோப்பாவில் இருந்து போனது. இதுக்கு இரண்டு ஊர்கள் சொந்தம் கொண்டாடுகின்றன.

ஒன்று, ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட். ‘எங்க ஊர் சாசேஜுக்கு 500 வயசு’ என்று 1987-ல் அந்த நகரம் விழாவே எடுத்தது. இன்னொன்று, ஆஸ்திரியாவின் வியன்னா. ஃபிராங்க்ஃபர்ட்டில் தொழில் கற்ற யோஹான் கியோர்க் லானர் என்ற இறைச்சிக்கடைக்காரர் வியன்னாவுக்குப் போய், 1805 வாக்கில் பன்றி இறைச்சியோடு மாட்டிறைச்சியையும் கலந்து புது மாதிரி சாசேஜ் செய்தார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த சாசேஜை ஜெர்மனிக்காரர்கள் ‘வீனர்’, அதாவது வியன்னாக்காரன் என்கிறார்கள். வியன்னாவில் போய்க் கேட்டால் ‘ஃபிராங்க்ஃபர்ட்டர்’ என்பார்கள். ஒருத்தர் ஊர்ப் பெயரை இன்னொருத்தர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். அமெரிக்கர்கள் இரண்டு பெயரையும் எடுத்துக்கொண்டார்கள்.

பன் எப்போது சேர்ந்தது?

19-ம் நூற்றாண்டில் லட்சக்கணக்கான ஜெர்மானியர்கள் பிழைப்பு தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். போகும்போது சாசேஜ் செய்யும் கைப்பக்குவத்தையும் கொண்டு போனார்கள். நியூயார்க்கின் தெருக்களில் தள்ளுவண்டியில் வைத்து விற்றார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் சார்லஸ் ஃபெல்ட்மேன். கோனி ஐலண்ட் கடற்கரையில் வண்டியில் பை வகை பலகாரங்கள் விற்று வந்தார். கடலில் குளித்துவிட்டு வருபவர்கள் சூடாக ஏதாவது கேட்டார்கள். வண்டியோ சின்னது. தட்டு, கத்தி, முள்கரண்டி எல்லாம் வைக்க இடமில்லை. வண்டியிலேயே ஒரு சின்ன அடுப்பு பொருத்தி, சூடான சாசேஜை நீள ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். 1867-ல் இது நடந்ததாகக் கூறப்படுகிறது.

தட்டு வேண்டாம், கை சுடாது, நடந்துகொண்டே சாப்பிடலாம். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. தள்ளுவண்டிக்காரராக இருந்த ஃபெல்ட்மேன் சில ஆண்டுகளில் கடற்கரையில் இடம் பிடித்து, பெரிய உணவகமே நடத்தினார்.

பன் வந்த கதைக்கு வேறு ஊர்களும் உரிமை கோருகின்றன. அதில் பிரபலமானது செயின்ட் லூயிஸ் நகரக் கதை. அங்கே ஒரு வியாபாரி, சூடான சாசேஜைப் பிடித்துச் சாப்பிட வாடிக்கையாளர்களுக்கு வெள்ளைக் கையுறை கொடுத்தாராம். சாப்பிட்டவர்கள் கையுறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். நஷ்டம் தாங்காமல் பேக்கரி வைத்திருந்த உறவினரிடம் யோசனை கேட்க, அவர் நீள பன் செய்து கொடுத்தாராம். கேட்க நல்லா இருந்தாலும் இதுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ரொட்டிக்குள் சாசேஜ் வைத்துச் சாப்பிடுவது ஜெர்மானியர்களுக்கு ஏற்கெனவே இருந்த பழக்கம்தான். ‘இவர்தான் கண்டுபிடித்தார்’ என்று ஒருவரைக் கைகாட்டுவது கஷ்டம்.

‘நாய்’ எப்படி உள்ளே வந்தது?

இணையத்தில் அதிகம் சுற்றும் கதை இது. 1900-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில், ஒரு குளிரான நாளில், ‘சூடான டாக்ஸ்ஹண்ட் சாசேஜ்’ என்று கூவி விற்றார்களாம். டாக்ஸ்ஹண்ட் என்பது குட்டைக் காலும் நீள உடம்பும் கொண்ட ஜெர்மன் நாய் இனம். அங்கே இருந்த கார்ட்டூனிஸ்ட் டாட் டோர்கன், பன்னுக்குள் நாய் படுத்திருப்பது போலப் படம் வரைந்தாராம். ‘டாக்ஸ்ஹண்ட்’ எழுத்துக்கூட்டத் தெரியாமல் ‘ஹாட் டாக்’ என்று எழுதிவிட்டாராம்.

சூப்பர் கதை. ஆனால் உண்மை இல்லை. அந்த கார்ட்டூனை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதைவிட முக்கியமாக, அந்தச் சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு முன்பே, 1890-களிலேயே ‘ஹாட் டாக்’ என்ற சொல் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்துவிட்டது. 1895-ல் யேல் பல்கலைக்கழக மாணவர் இதழிலும் இந்தச் சொல் இருக்கிறது. அங்கே மாணவர் விடுதிகளுக்கு வெளியே ராத்திரியில் சாசேஜ் விற்ற வண்டிகளை மாணவர்கள் ‘நாய் வண்டி’ என்றே கிண்டலாக அழைத்தார்கள்.

அப்படின்னா அந்தக் கிண்டல் எங்கிருந்து வந்தது? பதில் கொஞ்சம் கசப்பானது. 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில், ‘சாசேஜுக்குள் என்ன கறி இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நாயா இருக்கும்’ என்ற சந்தேகம் பரவலாக இருந்தது. சாசேஜ் செய்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்து வந்த ஏழைகள். அவர்கள் மேல் இருந்த அவநம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. நாய்க்கறி ஜோக்குகளும் பாட்டுகளும் அப்போது சர்வ சாதாரணம். அந்தக் கேலிச் சொல்தான் பெயராக ஒட்டிக்கொண்டது.

இந்தப் பெயர் வியாபாரிகளையே பயமுறுத்தியது. 1913-ல் கோனி ஐலண்ட் வர்த்தக சபை, கடைப் பலகைகளில் ‘ஹாட் டாக்’ என்று எழுதக்கூடாது என்று தடை விதித்ததாகச் சொல்லப்படுகிறது. தடை எடுபடவில்லை. மக்கள் வாயில் பெயர் நின்றுவிட்டது.

நூறு வருடம் கழித்தும் பெயர்ப் பிரச்சினை ஓயவில்லை. 2016-ல் மலேசியாவின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை, ஹலால் சான்றிதழ் வேண்டுமென்றால் ‘ஹாட் டாக்’ என்ற பெயரை மாற்ற வேண்டும் என்று சொன்னது. உள்ளே இருக்கும் கறி ஹலால்தான், ஆனால் பெயரில் நாய் இருப்பது குழப்பத்தை ஏற்படுத்துகிறது என்பது அந்தத் துறையின் விளக்கம். இது அங்கே பெரிய விவாதமானது.

ஆக, கேள்விக்கு நேரடி பதில்: ஹாட் டாக்கில் நாய்க்கறி கிடையாது. மாடு, பன்றி, கோழி, வான்கோழி இறைச்சிகளில் செய்கிறார்கள். சோயா போன்றவற்றில் செய்யும் சைவ ஹாட் டாக்கும் இருக்கிறது.

10 சென்ட்டை வீழ்த்திய 5 சென்ட்!

ஃபெல்ட்மேனின் உணவகத்தில் பன் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தார் ஓர் இளைஞர். பெயர் நேதன் ஹேண்ட்வெர்க்கர். போலந்தில் இருந்து வந்த ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளை. சம்பளத்தில் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி 300 டாலர் சேர்த்தார் என்பார்கள், கடன் வாங்கினார் என்றும் சொல்வார்கள். 1916-ல் அதே கோனி ஐலண்டில் சொந்தக் கடை போட்டார். மனைவி ஐடாவின் குடும்பத்து மசாலாப் பக்குவம்தான் மூலதனம்.

ஃபெல்ட்மேன் கடையில் ஒரு ஹாட் டாக் 10 சென்ட். நேதன் வைத்த விலை 5 சென்ட். பாதி விலை! ஆனால் ஆரம்பத்தில் அதுவே சிக்கலானது. ‘இவ்வளவு சீப்பா கொடுக்கிறான்னா உள்ளே என்ன இருக்கோ?’ என்று மக்கள் தயங்கினார்கள்.

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. 10 வருடத்துக்கு முன்பு, 1906-ல், அப்டன் சின்க்ளேர் எழுதிய ‘தி ஜங்கிள்’ நாவல் அமெரிக்காவையே உலுக்கியிருந்தது. சிகாகோ இறைச்சி ஆலைகளில் தொழிலாளர்கள் படும் பாட்டைச் சொல்லத்தான் அவர் எழுதினார். ஆனால் படித்தவர்களை அதிர வைத்தது, அழுகிய இறைச்சியும் அசுத்தமும் சாசேஜுக்குள் போவதை அவர் விவரித்த பகுதிகள். எழுந்த கோபத்தில் அதே ஆண்டு ஜூன் 30-ம் தேதி இறைச்சி ஆய்வுச் சட்டத்திலும், தூய உணவு மற்றும் மருந்துச் சட்டத்திலும் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். அமெரிக்காவின் இன்றைய உணவுப் பாதுகாப்பு முறைக்கு அஸ்திவாரம் அதுதான்.

நேதன் என்ன செய்தார்? டாக்டர்கள் போல வெள்ளை கோட் போட்டவர்களைத் தன் கடை வாசலில் நின்று சாப்பிட வைத்தார் என்பது புகழ்பெற்ற கதை. ‘டாக்டரே சாப்பிடுறார், நமக்கு என்ன’ என்று கூட்டம் வந்ததாம்.

கதை எப்படியோ, காலம் அவருக்குக் கைகொடுத்தது. 1920 வாக்கில் கோனி ஐலண்டுக்கு சப்வே ரயில் வந்தது. டிக்கெட் 5 சென்ட். அதுவரை கடற்கரைக்கு வர வசதியில்லாத தொழிலாளர் குடும்பங்கள் லட்சக்கணக்கில் வர ஆரம்பித்தன. 5 சென்ட்டில் ரயில், 5 சென்ட்டில் சாப்பாடு. ஏழைகளும் ஒரு நாள் ஊர் சுற்றிவிட்டு வரலாம் என்ற நிலை. ஃபெல்ட்மேன் உணவகம் 1954-ல் மூடப்பட்டது. ‘நேதன்ஸ்’ இன்றும் அதே தெருமுனையில் இருக்கிறது.

சாப்பிடும் போட்டியும் இந்தக் கடை நடத்துவதுதான். 1916-லேயே நான்கு பேர், தங்களில் யார் உண்மையான தேசபக்தர் என்று முடிவு செய்ய இந்தப் போட்டியை ஆரம்பித்ததாக நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். அது விளம்பரத்துக்காகக் கட்டிய கதை என்று அதைப் பரப்பிய விளம்பரதாரரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். போட்டி நடந்ததற்கான பதிவுகள் 1972-ல் இருந்துதான் கிடைக்கின்றன. 2001-ல் ஒல்லியான ஜப்பான் இளைஞர் டகேரு கோபயாஷி, பழைய சாதனையான 25-ஐ ஒரேயடியாக 50 ஆக்கிய பிறகுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. சாசேஜை இரண்டாக உடைப்பது, பன்னைத் தண்ணீரில் நனைத்து விழுங்குவது என்ற அவருடைய டெக்னிக்கைப் பிறகு எல்லோரும் பின்பற்றினார்கள்.

மன்னர் தட்டில் ஹாட் டாக்

1939 ஜூன் 11. இரண்டாம் உலகப்போர் தொடங்க மூன்று மாதம்கூட இல்லை. பிரிட்டன் மன்னர் ஆறாம் ஜார்ஜும் ராணி எலிசபெத்தும் அமெரிக்கா வந்திருந்தார்கள். அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தன் சொந்த ஊரான ஹைட் பார்க்கில் அவர்களுக்கு பிக்னிக் விருந்து வைத்தார். மெனுவில் ஹாட் டாக்! மன்னருக்கு இதையா கொடுப்பது என்று அதிபரின் தாயாருக்கே வருத்தம்.

மன்னர் சாப்பிட்டார். இன்னொன்றும் கேட்டு வாங்கினார். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கச் செய்தியே அதுதான். போர் வந்தால் அமெரிக்காவின் துணை பிரிட்டனுக்குத் தேவை. ‘மன்னரும் நம்மை மாதிரி ஒரு மனுஷன்தான்’ என்ற எண்ணத்தை அமெரிக்கர்களிடம் உண்டாக்க அந்த பிக்னிக் உதவியது. ஒரு காலத்தில் நாய்க்கறி என்று கேலி செய்யப்பட்ட குடியேறிகளின் உணவு, அமெரிக்காவின் அடையாளமாக மன்னர் தட்டுக்கே போய்விட்டது.

ஊருக்கு ஊர் ஒரு ஸ்டைல்

அமெரிக்க ஹாட் டாக் மற்றும் சாசேஜ் கவுன்சிலின் மதிப்பீட்டின்படி, மே கடைசி முதல் செப்டம்பர் தொடக்கம் வரையிலான கோடை சீசனில் மட்டும் அமெரிக்கர்கள் சுமார் 700 கோடி ஹாட் டாக் சாப்பிடுகிறார்கள். ஜூலை 4 அன்று மட்டும் 15 கோடி. பேஸ்பால் மேட்ச் என்றாலே கையில் ஹாட் டாக் இருக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத விதி.

* நியூயார்க்: கடுகு சாஸ், வதக்கிய வெங்காயம், புளிக்க வைத்த முட்டைக்கோஸ்.

* சிகாகோ: கசகசா தூவிய பன், கடுகு சாஸ், வெங்காயம், தக்காளி, வெள்ளரி ஊறுகாய், மிளகாய், செலரி உப்பு. 1930-களின் பொருளாதார மந்தநிலையில், ஒரு நாணயத்துக்கு வயிறு நிறையட்டும் என்று காய்கறிகளை அடுக்கிக் கொடுத்ததில் பிரபலமானது. கெச்சப் மட்டும் கேட்டுவிடாதீங்க, சிகாகோக்காரர்களுக்குக் கோபம் வரும்!

* மெக்சிகோவின் சோனோரா: சாசேஜைச் சுற்றி பேக்கன், மேலே பீன்ஸ், தக்காளி.

* சிலி: அவகாடோ மசியல், தக்காளி, மயோனைஸ். பெயர் ‘கம்ப்ளேட்டோ’.

* ஐஸ்லாந்து: ஆட்டுக்கறி கலந்த சாசேஜ், பொரித்த வெங்காயம். ரெய்க்யாவிக்கில் 1937 முதல் இருக்கும் ஒரு சின்னக் கடையில் முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் 2004-ல் சாப்பிட்ட பிறகு, அது சுற்றுலாத் தலமாகவே மாறிவிட்டது.

விலையும் பிரபலத்துக்கு ஒரு காரணம். காஸ்ட்கோ சூப்பர் மார்க்கெட்டில் ஒரு ஹாட் டாக்கும் குளிர்பானமும் சேர்த்து 1.50 டாலர். 1980-களின் மத்தியில் வைத்த விலை, இன்றுவரை ஏறவில்லை.

உள்ளே என்னதான் இருக்கு?

இறைச்சித் துண்டுகள், கொழுப்பு, உப்பு, மசாலா, ஐஸ் எல்லாவற்றையும் மாவு போல நைசாக அரைக்கிறார்கள். அரைக்கும்போது சூடேறி கொழுப்பு தனியாகப் பிரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஐஸ். இந்த விழுதை நீள உறைக்குள் நிரப்பி, புகையிலும் ஆவியிலும் வேக வைக்கிறார்கள். பழைய முறையில் உறை என்பது ஆட்டுக்குடல். கடித்தால் ‘டக்’ என்று சத்தம் வரும். 1920-களில் செல்லுலோஸ் உறை வந்தது. வெந்ததும் அந்த உறையை இயந்திரமே உரித்துவிடும். கடையில் கிடைக்கும் ‘தோல் இல்லாத’ சாசேஜ் இப்படித்தான் தயாராகிறது.

அமெரிக்க விதிகளின்படி ஹாட் டாக்கில் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதயம், ஈரல் போன்ற உள்ளுறுப்புகள் சேர்த்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும்.

அந்த ரோஸ் கலருக்குக் காரணம் சோடியம் நைட்ரைட். இது வெறும் கலருக்காகச் சேர்ப்பது இல்லை. ‘பொட்டுலிசம்’ என்ற உயிர்க்கொல்லி நச்சை உண்டாக்கும் பாக்டீரியாவைத் தடுப்பதுதான் இதன் முக்கிய வேலை. அந்த நோயின் பெயரே சாசேஜைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. அந்தக் காலத்தில் கெட்டுப்போன சாசேஜ் சாப்பிட்டு அத்தனை பேர் செத்திருக்கிறார்கள்.

புற்றுநோய் வருமா?

2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்தப்பட்ட இறைச்சியை ‘குரூப் 1’ பட்டியலில் சேர்த்தது. அதாவது, மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இருக்கிறது என்று அர்த்தம். சிகரெட்டும் இதே பட்டியலில்தான் இருக்கிறது. உடனே ‘ஹாட் டாக்கும் சிகரெட்டும் ஒண்ணு’ என்று தலைப்புகள் பறந்தன.

அது தவறான புரிதல். ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் இந்தப் பட்டியல் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை.

சரி, ஆபத்து எவ்வளவு? தினமும் 50 கிராம் பதப்படுத்தப்பட்ட இறைச்சி சாப்பிட்டால், குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்கிறது அந்த அமைப்பு. 50 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு ஹாட் டாக் சாசேஜ். உதாரணத்துக்கு, 100 பேரில் 5 பேருக்கு வாழ்நாளில் இந்தப் புற்றுநோய் வரும் என்று வைத்துக்கொண்டால், 100 பேரும் தினமும் ஒன்று சாப்பிட்டால் அது 6 பேர் ஆகும். எப்போதாவது ஒன்று சாப்பிடுவதற்கும், தினமும் சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

உப்பையும் மறக்கக் கூடாது. ஒரு சாசேஜிலேயே 400 முதல் 500 மில்லிகிராம் வரை சோடியம் இருக்கும். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பி.பி. இருப்பவர்கள் கவனம். ‘நைட்ரைட் சேர்க்கவில்லை’ என்ற லேபிளைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். பல நிறுவனங்கள் அதற்குப் பதில் செலரி பொடி சேர்க்கின்றன. அதில் இயற்கையாகவே இருக்கும் நைட்ரேட், கடைசியில் அதே நைட்ரைட்டாகத்தான் மாறும்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது இதைச் செய்யுங்க!

பலருக்கும் தெரியாத ஆபத்து இது. சிறு குழந்தைகளுக்குத் தொண்டையில் உணவு சிக்கி மூச்சுத்திணறல் ஏற்படும் சம்பவங்களில், உயிருக்கே ஆபத்தாக முடியும் உணவுகளில் ஹாட் டாக்கை முன்வரிசையில் வைத்து 2010-லேயே எச்சரித்தது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி. சாசேஜ் உருண்டையாக, வழுவழுப்பாக, குழந்தையின் மூச்சுக்குழாய் அளவிலேயே இருப்பதுதான் காரணம். மூடி போட்டு அடைத்த மாதிரி நின்றுவிடும்.

* நாலு வயசுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு முழு சாசேஜாகவோ, வட்ட வட்டமாக நறுக்கியோ கொடுக்கக் கூடாது.

* முதலில் நீளவாக்கில் நான்காகக் கீறி, பிறகு பொடிப்பொடியாக நறுக்க வேண்டும்.

* ஓடும்போது, விளையாடும்போது, காரில் போகும்போது கொடுக்க வேண்டாம். உட்கார வைத்து, பக்கத்தில் இருந்து ஊட்டுங்கள்.

* கர்ப்பிணிகளும் முதியவர்களும், பாக்கெட்டில் வரும் சாசேஜை ஆவி பறக்கும் அளவுக்குச் சூடு செய்த பிறகே சாப்பிட வேண்டும். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும்.

நம்ம ஊர் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் சிக்கன் சாசேஜுக்கும் இதெல்லாம் பொருந்தும்.

‘உள்ளே என்ன இருக்கு?’ என்று 19-ம் நூற்றாண்டு அமெரிக்கர்கள் கேட்டது கேலியாக. அந்தக் கேள்விதான் சட்டமாகி, இன்று பாக்கெட்டின் பின்னால் லேபிளாக இருக்கிறது. அடுத்த முறை ஹாட் டாக்கோ சாசேஜோ வாங்கும்போது, அதைத் திருப்பி ஒரு நிமிஷம் படித்துப் பாருங்க. அந்த நாலு வரியை அங்கே அச்சிட வைக்க ஒரு நாவலும், ஒரு நாடே கொந்தளித்த கோபமும் தேவைப்பட்டது.